பேப்பர் தட்டைக் கழுவியவர்

முன்னாள் படைவீரர் சங்கத்தின் மாடி அறையில் நாற்காலிக்குக் குறைவில்லை. இருந்தும் தண்டாயுதபாணியால் அன்று ஒன்றிலும் நிலையாக உட்கார முடியவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலுக்குப் போனார். கீழே நாகல் நகர் ஆட்டோக்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு ஒதுங்க இடம் தேடுவதைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, வேறு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

“மூலமா, பாணி?” என்று தலையை நிமிர்த்தாமலே கேட்டார் அக்பர் அலி.

“இல்ல சாப். நாற்காலி சரியில்ல.”

“இது மூணாவது நாற்காலி.”

அக்பர் அலி சங்கத்தின் தலைவர். பீரங்கிப் படையில் சுபேதாராக இருந்தவர். அவர் ஓய்வு பெற்றுப் பல வருடமாகியும் அவருடைய சட்டைக் காலர் மட்டும் இன்னும் பணியில் இருந்தது. பட்டாள வழக்கப்படி எல்லோரும் அவரை ‘சாப்’ என்றுதான் அழைப்பார்கள். தண்டாயுதபாணி சங்கத்தின் செயலாளர். அவரும் இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவர்தான். ஆனால் சமையல் ஹவில்தார். “நான் சுட்டதெல்லாம் சப்பாத்தி. அதுலயே ரெண்டு பேரு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான்” என்று யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். மற்றவர்கள் சொல்லிச் சிரிப்பதற்குள் தானே சொல்லிக்கொண்டால் வலி குறைவு என்பது அவர் கண்டுபிடித்த வைத்தியம்.

அன்றைய பேச்சு டூப்பு மிலிட்டரிகளைப் பற்றி. பக்கத்து மாவட்டத்தில் ஒருவன் போலி டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் காட்டிக் காவலாளி வேலையில் சேர்ந்து பிடிபட்டிருந்தான். அதிலிருந்து ஊரெல்லாம் காய்ச்சல். வேடசந்தூர்ப் பக்கம் உள்ள ஒரு நூற்பாலை, தன் வாசலில் நிற்கும் ஐந்து பேரும் அசல் முன்னாள் ராணுவத்தினர்தானா என்று சங்கமே விசாரித்துச் சொல்ல வேண்டுமென்று கேட்டிருந்தது.

“டிஸ்சார்ஜ் புக்கை நம்பக் கூடாது சாப்,” என்றான் சந்தோஷ்குமார். சங்கத்தில் அவன்தான் இளையவன். நாயக்காக ஓய்வு பெற்று வந்து, டூப்புகளைப் பிடித்துப் படம் போடுவதற்கென்றே யூடியூபில் சேனல் வைத்திருந்தான். “கலர் ஜெராக்ஸ் கடையில கேட்டா, எந்த ரெஜிமெண்டுல வேணும்னு திருப்பிக் கேக்குறான்.”

“நம்பரைக் கேளு,” என்றார் அக்பர் அலி. “தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும். சம்சாரம் பேரை மறக்கலாம், ஆர்மி நம்பரை மறக்க முடியாது.”

“அதையும் மனப்பாடம் பண்ணிட்டு வாரான். போன மாசம் ஒருத்தன் கார்கில்ல குண்டடி பட்டேன்னு முட்டியைக் காமிச்சான். கணக்குப் போட்டுப் பாத்தா அப்ப அவன் ஏழாங்கிளாஸ்.”

“சண்டையைப் பத்தியே பேசுனான்னா சந்தேகப்படு,” என்றார் தண்டாயுதபாணி ஜன்னலிலிருந்து. “லீவு குடுக்காத ஆபீசரையும், பெர்த்து கிடைக்காத ரயிலையும், வேகாத பருப்பையும் பத்திப் பேசுனா அவன் அசல்.”

“வேகாத பருப்புன்னு நீங்களே சொன்னாச் சரிதான்,” என்றார் அக்பர் அலி. எல்லோரும் சிரித்தார்கள். தண்டாயுதபாணியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே நான்காவது நாற்காலிக்கு மாறினார்.

காரணம், ஐந்து பேரில் ஐந்தாவது ஆள் ஒச்சப்பன். ஒச்சப்பனை அந்த ஆலை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியவர் தண்டாயுதபாணி.

நடந்தது இதுதான். இரண்டு வருடத்துக்கு முன் செம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கோயில் கிடா விருந்து. பந்தியில் எல்லாம் பேப்பர் தட்டு. எதிரே ஒரு பெரியவர் தட்டை இடது உள்ளங்கையில் ஏந்தி, நின்றபடியே, மற்றவர்கள் குழம்புக்குக் கையை நீட்டுவதற்குள் சாப்பிட்டு முடித்தார். முடித்தவர் நேரே குழாயடிக்குப் போனார். பேப்பர் தட்டை முன்னும் பின்னும் கழுவி, தண்ணீரை உதறி, எங்கே கவிழ்த்து வைப்பது என்று நாலாபுறமும் தேடினார். தண்டாயுதபாணிக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. உலகத்தில் பேப்பர் தட்டைக் கழுவுகிறவன் ஒருவன் உண்டென்றால் அவன் லங்கரில், அதாவது பட்டாளச் சமையல்கூடத்தில், வரிசையில் நின்று சாப்பிட்டவனாகத்தான் இருக்க வேண்டும். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, “எத்தனை வருசம்?” என்று கேட்டார். “இருபத்தெட்டு” என்றார் அந்தப் பெரியவர். அவ்வளவுதான் விசாரணை. வேலை தேடுகிறார் என்று தெரிந்ததும், மறுவாரமே ஆலைக்குப் போய், “நம்ம ஆளு, ஆர்மி. நான் பொறுப்பு” என்று சொல்லிச் சேர்த்துவிட்டார். சங்கச் செயலாளரே சொல்கிறாரே என்று ஆலையில் புத்தகம் கேட்கவில்லை.

“அந்த ஒச்சப்பன் மேல எனக்கு டவுட்டுண்ணே,” என்றான் சந்தோஷ்குமார், அவர் மனதுக்குள் எட்டிப் பார்த்தவன் மாதிரி. “மிலிட்டரி கேன்டீன் கார்டு இல்ல. கொடிநாளுக்கு வரல. சங்கத்துல சேருங்கன்னா செத்த நேரம் யோசிச்சிட்டு வேற பேச்சுக்குப் போயிர்றாரு. ஞாயித்துக்கிழமை விசாரணையை லைவ்ல போடப் போறேன். டூப்புன்னா ஊரே பாக்கட்டும்.”

தண்டாயுதபாணி மறுபடியும் எழுந்தார்.

வீட்டுக்குப் போயும் அதே கதைதான். தொலைக்காட்சியைப் போட்டார், அணைத்தார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஒன்றும் எடுக்காமல் மூடினார்.

“ஏங்க, கூண்டுல அடைச்ச கீரி கூட இப்படி அலையாது,” என்றாள் மனைவி பாண்டிச்செல்வி. “ஒண்ணு உக்காருங்க, இல்ல எங்கயாச்சும் போயிட்டு வாங்க.”

போய்விட்டார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வேடசந்தூருக்கு. வெயிலில் சாலை நெளிந்தது. வழி முழுக்க அந்த லைவைத்தான் மனதுக்குள் பார்த்துக்கொண்டு போனார். நரைத்த மீசையோடு ஒச்சப்பன் நடுவில் நிற்க, வீடியோவுக்குக் கீழே ஊர்பேர் தெரியாத ஆட்கள் எல்லாம் வாய்க்கு வந்ததை எழுத, அதை ஒச்சப்பனின் மருமகள் பார்க்க, பேத்தி பார்க்க. ஒரு மனிதன் பிறகு எந்தத் தெருவில் நடப்பான்?

ஒச்சப்பன் ஆலை வாசலில் லாரி நம்பரைக் குறித்துக்கொண்டு நின்றார். இவரைப் பார்த்ததும் மரத்தடிக்கு வந்தார்.

“ஒச்சப்பா, ஞாயித்துக்கிழமை விசாரணை. புக்கு இருக்குல்ல?”

“இருக்கது இருக்குண்ணே.”

“இருக்கது இருக்குன்னா?”

“என்ன இருக்கோ அதக் கொண்டாரேன்.”

“வேணாம்னா வராம இருந்திரு. உடம்புக்குச் சரியில்லன்னு நான் சொல்லிக்கிறேன்.”

“எதுக்குண்ணே ஒளியணும்? வாரேன்.”

தண்டாயுதபாணி சுற்றும்முற்றும் பார்த்தார். “ஒங்க லங்கர்ல ஞாயித்துக்கிழமை காலையில என்ன போடுவான்?”

“பூரி. கிழங்கு. பூரி எப்பவும் ஆறிப்போயி, தோல் மாதிரி இருக்கும்.”

இது அசல் பதில். எந்த டூப்பும் இப்படிச் சொல்ல மாட்டான். அந்தத் தெம்பில் ஸ்கூட்டரைக் கிளப்பியவருக்கு, திண்டுக்கல் எல்லைக்குள் நுழைவதற்குள் தெம்பு தீர்ந்துவிட்டது. ஆறிப்போன பூரி ராணுவத்தில் மட்டுமா கிடைக்கும்?

ஞாயிற்றுக்கிழமை மற்ற நான்கு பேரும் சுலபமாகத் தேறினார்கள். ஒருவர் நம்பரைச் சொன்ன கையோடு, அக்காள் கல்யாணத்துக்கு லீவு தராத மேஜரைப் பற்றித் தொடங்கி நிறுத்தவே இல்லை. அக்பர் அலி கும்பிடு போட்டு அனுப்பிவைத்தார். பிறகு ஒச்சப்பன் வந்தார். கையில் ஜவுளிக்கடைப் பை. சந்தோஷ்குமார் போனைத் தாங்கியில் பொருத்தி, விளக்கைப் போட்டான்.

“லைவ் ஓடுதா?” என்று கேட்டார் தண்டாயுதபாணி.

“இன்னும் இல்லண்ணே. மொதல்ல ரெக்கார்டு. டூப்புன்னு தெரிஞ்சதும் அமுக்கிருவேன்.”

“நம்பர்?” என்றார் அக்பர் அலி.

ஒச்சப்பன் நிமிர்ந்து நின்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். ஜி.எஸ். என்று தொடங்கிய அந்த நம்பர், பிறகு பேர், பிறகு வேலை.

அக்பர் அலியின் பேனா நின்றது. “ஜி.எஸ்.ஸா? அது ஆர்மி நம்பர் இல்லையே.”

“ஆர்மி இல்லங்க சாப். கிரெஃப்.”

சந்தோஷ்குமாரின் விரல் போன்மேல் போய் நின்றது. மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிரெஃப் என்றால் எல்லையில் சாலை போடுகிற படை. யூனிஃபார்ம் உண்டு, நம்பர் உண்டு, அணிவகுப்பு உண்டு, தப்புச் செய்தால் பட்டாளச் சட்டப்படி தண்டனையும் உண்டு. ஓய்வு பெற்ற பிறகு முன்னாள் ராணுவத்தினர் என்கிற பெயர் மட்டும் கிடையாது.

“அப்ப டூப்புதானே சாப்? அமுக்கவா?”

“கையை எடுலே,” என்றார் அக்பர் அலி. ஒச்சப்பன் பக்கம் திரும்பினார். “எங்க வேலை பாத்தீரு?”

“நெறைய வருசம் ஜோஜிலா கணவாய். டோசர் ஆபரேட்டர். பனி வெட்டி ரோட்டைத் தொறக்குற வேலை.”

அக்பர் அலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாங்க பீரங்கிய இழுத்துக்கிட்டு அந்த வழியாத்தான் மேல போவோம். ரோடு தொறக்கலன்னு வண்டியெல்லாம் வரிசையா நிக்கும். முன்னாடி ஒரு டோசர் நிக்கும். அதுக்கு மேல ஒருத்தன் குரங்குக் குல்லா போட்டுக்கிட்டு டீ குடிச்சிட்டிருப்பான். நாங்க அவனைப் பேசாத பேச்சு இல்ல.”

“ஆமா சாப். எல்லாம் காதுல விழும். தமிழ்ல திட்டுறது மட்டும் தனியாக் கேக்கும். கேக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கும்.”

யாரோ சிரிக்கத் தொடங்கி, இருமலாக மாற்றிக்கொண்டார்.

“இருந்தாலும்,” என்றார் அக்பர் அலி மெதுவாக, “ஆலைக்காரங்க கேட்ட கேள்விக்கு இல்லன்னுதான் எழுதணும்.”

“எழுதுங்க சாப். உள்ளதுதான.”

“சாப், ஒரு நிமிசம்,” என்றான் சந்தோஷ்குமார். “அப்ப இவரு ஆர்மின்னு பொய் சொன்னது எப்படி? அதுக்குப் பதில் வேணும்ல?”

ஒச்சப்பன் தண்டாயுதபாணியின் பக்கம் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பையின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெருந்தன்மைதான் தண்டாயுதபாணியை நாற்காலியிலிருந்து தூக்கியது.

“போனை இங்கிட்டுத் திருப்பு, தம்பி.”

“எதுக்குண்ணே?”

“பொய் சொன்னவன் இங்க இருக்கேன். அவரு இருபத்தெட்டு வருசம்னு மட்டும்தான் சொன்னாரு. ஆர்மின்னு ஆலையில போயிச் சொன்னது நானு. எந்த ரெஜிமெண்டு, என்ன நம்பர், ஒரு மண்ணும் கேக்கல. பேப்பர் தட்டைக் கழுவுனாரு, எனக்கு அது போதுமாயிருந்துச்சு.”

“நானும் சொல்லியிருக்கணும்ண்ணே,” என்றார் ஒச்சப்பன். “வேலையும் வேணும். நீங்களும் காணாமப்போன தம்பியைக் கண்ட மாதிரி அம்புட்டு சந்தோசமா இருந்தீங்க. இன்னைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னு போயிருச்சு.”

சந்தோஷ்குமார் போனையும் தண்டாயுதபாணியையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு விளக்கை அணைத்தான். “சமையக்காரர் ஏமாந்தார்னு போட்டா எவன் பாப்பான்? போங்கண்ணே,” என்று தாங்கியை மடக்கினான். ஆனால் ஒச்சப்பனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டதும் அவன்தான்.

அக்பர் அலி ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து எப்போதையும்விடச் சிறியதாக இருந்தது.

மறுநாள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தண்டாயுதபாணியும் ஒச்சப்பனும் ஒரே ஸ்கூட்டரில் ஆலைக்குப் போனார்கள். ஆலையின் பணியாளர் அதிகாரி புவனேஸ்வரி தாளைப் படித்தாள். தண்டாயுதபாணி நடந்ததையெல்லாம், தன் பங்கைக் கொஞ்சம் தாராளமாகவே சேர்த்து, நின்றுகொண்டே சொன்னார். உட்காரச் சொன்னாலும் உட்கார முடிகிற நிலையில் அவர் இல்லை.

“சார், இவரை அனுப்பிட்டு நான் எங்க போயி ஆள் தேடுறது?” என்றாள் அவள். “ரெண்டு வருசத்துல ஒரு நாள் தூங்கிப் பாத்ததில்ல. பஞ்சு குடோனுக்கு மாத்திர்றேன், அங்க எக்ஸ்-ஆர்மி வேணும்னு யாரும் கேக்கல. பெரியவரே, சம்மதமா?”

“சரிம்மா,” என்றார் ஒச்சப்பன். தோள்பட்டையில் தைத்திருந்த எக்ஸ்-ஆர்மி பட்டையை அப்போதே நகத்தால் நெம்பத் தொடங்கினார்.

தண்டாயுதபாணிக்கு ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக முழு மூச்சு வந்தது. நாற்காலியைப் பார்த்தார். உட்காரலாம் போலிருந்தது.

“ஆனா கேட்டுல யாரு நிப்பா?” என்றாள் புவனேஸ்வரி. “புதன்கிழமை நூல் வாங்குற வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வாராங்க. பேப்பர் சுத்தமா உள்ள ஆள் வேணும். உங்ககிட்ட டிஸ்சார்ஜ் புக் இருக்கா சார்?”

“இருக்கும்மா. ஒரிஜினல்,” என்றார் தண்டாயுதபாணி பெருமையாக. சொல்லி முடித்த பிறகுதான், அவள் எதற்குக் கேட்டாள் என்பது மண்டைக்குள் இறங்கியது.

மத்தியான ஷிப்டுக்கு அவர்தான் வாசலில் நின்றார். வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் என்று பேச்சு. தொப்பி காதுவரை இறங்கியது. குடோனுக்குப் போகுமுன் ஒச்சப்பன் தடுப்புக் கம்பத்தை ஏற்றி இறக்கக் காட்டிக்கொடுத்தார். “கயித்தை முழுசா விட்றாதீகண்ணே. லேசாப் புடிங்க. இறுக்கிப் புடிச்சா, கம்பம் மேல போறப்ப ஒங்களையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிரும்.”

மில் பஸ் வந்து நின்றது. ஜன்னல்களிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“யாரு இது புதுசா? எங்க மிலிட்டரி எங்க?”

“ஏன் பெரியவரே, எங்க மிலிட்டரியை எங்க அனுப்புனீக?”

தண்டாயுதபாணிக்கு இருபத்திரண்டு வருடமும், தன் ஆர்மி நம்பரும், ஹவில்தார் பட்டமும் தொண்டை வரைக்கும் வந்தன. கயிற்றை லேசாகப் பிடித்தார்.

“மிலிட்டரி பஞ்சு குடோன்ல இருக்காரும்மா. நான் சமையக்காரன்,” என்றார்.

கம்பம் மேலே ஏறியது. சமையல்காரனை எதற்குக் கேட்டில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டே பஸ் உள்ளே போயிற்று.