மூன்று நாளாகத் திறக்காத கார்

அந்தச் சாவிக்கு அவள் செய்யாத பணிவிடை இல்லை. புது பேட்டரி போட்டாள். போட்டதைக் கழற்றி, உள்ளேயிருந்த தகட்டை அழிரப்பரால் தேய்த்து, திரும்பப் போட்டாள். கார்க் கதவோடு ஒட்டி நின்று அமுக்கினாள். பீரோவிலிருந்த மாற்றுச் சாவியையும் கொண்டுவந்து பார்த்தாள். அதுவும் அதே கதைதான். கார் கம்மென்று நின்றது.

மூன்று நாளாக இதே கூத்து. காலையில் கிளம்புகிற நேரம் பார்த்து அடம்பிடிக்கும். அரை மணி நேரம் மல்லுக்கட்டினால், ஒன்றுமே நடக்காத மாதிரி டிக்கென்று திறந்துகொள்ளும். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினால் அப்படிச் சமர்த்து! அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. போன இரண்டு நாளும் தாமதம். இன்னொரு நாள் தாமதமானால் இரவு ஷிப்டுதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். பக்கவாதத்தில் கிடக்கும் அப்பாவை ராத்திரி யார் பார்ப்பது? சம்பளத்துக்குத் துணைக்கு வரும் அக்கா காலை எட்டுக்கு வந்து மாலை ஆறுக்குப் போய்விடுவாள்.

அந்த அக்கா நேற்று வேறு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். இரண்டு நாளாக அவள் வரும்போதே அப்பா படுக்கையை நனைத்து வைத்திருக்கிறாராம். வேண்டுமென்றே செய்கிறாரோ என்றுகூட இவளுக்குத் தோன்றியது. அவ்வளவு அலுப்பு.

மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். இரண்டு சாவியும் வீட்டில் மட்டும்தான் மக்கர் செய்கிறதா என்று இரண்டு தரம் கேட்டான்.

"அப்ப சாவி மேல குத்தமில்லக்கா. பக்கத்துல வேற ஏதோ ரிமோட்டு விடாம அடிச்சிட்டிருக்கு. வயர் இல்லாத காலிங் பெல் ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

இருந்தது. அப்பா கூப்பிடுவதற்கென்று அவள்தான் வாங்கினாள். பொத்தான் அவர் கைப்பக்கம், மணி சமையலறையில். ஃபேனைக் கூட்டு, ஃபேனைக் குறை என்று நாளைக்கு நாற்பது தடவை அடிப்பார். ஞாயிற்றுக்கிழமை தலையே வெடித்துவிடும் போலிருந்தது. மணியின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டாள். ஒரு மணி நேரத்துக்கு என்றுதான் குறைத்தாள். அப்புறம் கூட்ட மனம் வரவில்லை.

சாவியும் கையுமாக அறைக்கு ஓடினாள். அப்பாவின் கட்டைவிரல் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது, நகம் வெளுத்திருந்தது. கீழே விரிப்பு நனைந்திருந்தது. அவளைக் கண்டதும் விரலை எடுத்தார். அவள் சாவியை அமுக்கினாள். வாசலில் கார் டிக்கென்றது.

கோணிய வாயால் ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடித்தார்.

"பெல்லு... ரிப்பேர்மா. தொடச்சும்... பாத்துட்டேன். மூணு நாளா... நல்லா அமுக்கித்தான்... பாக்கறேன்."

அவர் துடைத்த துண்டின் முனை பொத்தானுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. பாவி, என்ன காரியம் செய்துவைத்தோம்! இப்போது கிளம்பினால்கூட நேரத்துக்குப் போய்விடலாம். சாவியை மேசைமேல் வைத்தாள். இரவு ஷிப்டு வந்தால் வரட்டும். சமையலறைக்குப் போய் மணியைக் கடைசிவரை கூட்டிவிட்டு, மாற்று விரிப்போடு திரும்பினாள்.

"இப்ப அமுக்குங்கப்பா."

அமுக்கினார். வீடே அதிர்ந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பேட்டரி... மாத்தினியா?"

"ஆமாப்பா" என்று சொல்லிவிட்டு, முகத்தைக் காட்டாமல் ஈர விரிப்பை உருவத் தொடங்கினாள்.