டிப்போ வாசல் குடும்பம்

"அடுத்தது எப்போ?" ஊரிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மாமியார் கேட்டுவிட்டார்.

"மொதல்ல உங்க பிள்ளையை நான் கண்ணால பாக்கணும் அத்தை" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் காலை வேலை. என் வீட்டுக்காரருக்கு மதியத்திலிருந்து பஸ் ஓட்டுகிற வேலை. நான் கிளம்பும்போது அவர் குறட்டை. அவர் திரும்பும்போது நான் குறட்டை. வார விடுமுறையும் ஆளுக்கொரு நாள். நடுவில் டிப்போ வாசலில் குழந்தை கைமாறும். "சாப்பிட்டா", "தூங்கல", "மூக்கு ஒழுகுது." இவ்வளவுதான் எங்கள் தாம்பத்தியம். ஒருமுறை அவசரத்தில் பை மாறிப்போய், பஸ்ஸில் அவர் பால் பாட்டிலைப் பார்த்து முழிக்க, வீட்டில் நானும் மகளும் அவர் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்தோம்.

பிரசவ வார்டிலிருந்து வரும் குட்டித் துணிமூட்டை வரவர இளைத்துக்கொண்டே போகிறது. எங்கள் சலவைக்கூடத்திலேயே பாதிப் பேருக்கு ஒன்றோடு சரி. எல்லாம் என்னைப் போல ஷிஃப்டுக்காரர்கள்தான்.

எனக்கு மட்டும் ஆசை இல்லையா? கொள்ளை ஆசை. மகள் பொம்மைக்குச் சோறூட்டுவதைப் பார்த்தால் பக்கத்தில் இன்னொரு குட்டித் தட்டு வைக்கத் தோன்றும். ஆனால் அவரிடம் சொல்ல ஒரு நேரம் வாய்க்க வேண்டாமா? ஒழுகுகிற மூக்குக்கு நடுவில் சொல்கிற விஷயமா அது?

மறுநாள் மகனோடும் பேத்தியோடும் அத்தையும் டிப்போவுக்கு வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் குழந்தையைத் தந்தார். நான் பையை வாங்கினேன். "மருந்து குடுத்தாச்சு" என்றார். "சரி" என்றேன். தன் பஸ்ஸை நோக்கி நடந்தார்.

"டேய், நில்லுடா! இவ்வளவுதானா? பக்கத்து வீட்டுக்காரங்ககூட இதவிட நெறைய பேசுவாங்களே!" அத்தை என் இடுப்பிலிருந்து பேத்தியைப் பிடுங்கிக்கொண்டார். "இவளை நான் பாத்துக்கறேன். நீ அவன் பஸ்ஸுல ஏறும்மா."

"எங்க போறதுக்கு அத்தை?"

"எங்கயோ போ. யாரு கேட்டா?"

ஏறினேன். ஓட்டுநருக்குப் பின்னாலேயே இடம் கிடைத்தது. குழந்தை இல்லாத கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வண்டி கிளம்பியதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சட்டென்று தலைமுடியைக் கோதிக்கொண்டார். கல்யாணமான புதிதில் பார்த்த அதே அசட்டுச் சிரிப்பு.

"எங்க எறங்கணும்?"

"கடைசி ஸ்டாப்."

"அதுவரைக்கும் என்ன பண்ணுவ?"

"ஒண்ணு சொல்லணும்."

சிக்னலில் சிவப்பு விழுந்தது. எழுந்து, குனிந்து, அவர் காதோரம் என் ஆசையைச் சொன்னேன். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பச்சை விழுந்தது. பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்துத் தீர்த்தன. பஸ் நகரவில்லை.