செத்தவர்களுக்குச் சாப்பாடு கடைசியில்

தோமினிக்கை அடக்கம் செய்த அன்று, சவப்பெட்டிக்குப் பின்னால் வந்த கூட்டத்தின் கடைசி வரிசையில் தோமினிக் நின்று போண்டா தின்றுகொண்டிருந்தார். முதலில் பார்த்தவர் பங்குச் சாமியார். ஜெபத்தை நிறுத்தாமல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். போண்டா பாதியாகியிருந்தது. பெட்டிக்குள்ளும் தோமினிக் ஒழுங்காகப் படுத்திருந்ததால் அடக்கத்தை நிறுத்த முகாந்திரம் இல்லை.

எல்லாம் ராஜகிரிக் கோட்டையில் எடுத்த சூப்பர் ஹீரோ படத்தால் வந்தது. வில்லன் ஊரை அழிக்கும் காட்சிக்குச் செஞ்சிக்காரர்களையே கூட்டிப்போனார்கள். தோமினிக்குக்கு முன்வரிசையில் செத்துக் கிடக்கும் வேலை. மத்தியானம், ஆள் சேர்த்த ஏஜென்ட், "உயிரோட இருக்கறவங்க மொதல்ல சாப்டுங்க, செத்தவங்க அப்புறம்" என்றான். தோமினிக் பசி தாங்காத மனிதர். மெல்ல எழுந்து உயிருள்ளவர்களுக்குப் பின்னால் போய் நின்று ஒரு போண்டா வாங்கிவிட்டார். சட்னி வருவதற்குள் கேமரா ஓட ஆரம்பித்துவிட்டது. ஆகவே படத்தில் ஒரு ஷாட்டில் அவர் பிணம், அடுத்த ஷாட்டில் போண்டாவும் கையுமாக நிற்கிறார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பிரசாந்துக்குப் படங்களில் தப்புப் பிடிப்பதுதான் உயிர். யூடியூபில் அதற்கென்றே ஒரு சேனல் நடத்துகிறான். இடது தோளில் அடிபட்ட நாயகன் வலது தோளைப் பிடித்துக்கொண்டு பறந்ததை அவன்தான் கண்டுபிடித்தான். அதே படத்தில் பச்சமுத்துவின் ஆடு கோட்டைப் படியேறும்போது கறுப்பு, இறங்கும்போது வெள்ளை. படம் வந்த நாள்முதல் அந்த ஆடு நிஜத்திலும் காலையில் கறுப்பாகவும் சாயங்காலம் வெள்ளையாகவும் இருந்தது. காலையில் விலை பேசியவர்கள் சாயங்காலம் வந்து சண்டைக்கு நின்றார்கள். பிரசாந்த் வீடியோ போட்டான். படக் கம்பெனி கம்ப்யூட்டரில் திருத்தியது. மறுநாள் ஆடு முழுக் கறுப்பானது. அவலூர்பேட்டைச் சந்தையில் உடனே விலைபோனது.

படம் வந்த பிறகு நிஜமாகவே செத்துப்போன தோமினிக், கூட்டம் உள்ள இடத்தில் மட்டும், அதுவும் கடைசி வரிசையில்தான் தெரிவார் என்பதை அவர் மனைவி அமலோற்பவம் சீக்கிரமே புரிந்துகொண்டாள். எல்லாக் கட்சிக் கூட்டத்துக்கும் போனாள். முன்பின் தெரியாதவர்களின் கல்யாணத்துக்கும் மொய்க் கவரோடு போனாள். அவர் வாய் நிறைய போண்டாவோடு அவளைப் பார்த்துச் சிரிப்பார். பேச்சில்லை. பாவம், அவளுக்கு அதுவே பெரிய சந்தோஷமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் பிரசாந்தின் கண்ணில் படத்திலிருந்த அந்தப் போண்டா பட்டது. நாளைக்கு ஒரு பெரிய தப்பு வருகிறது என்று சேனலில் அறிவித்தும்விட்டான். சேதி தெரிந்ததும் அமலோற்பவம் கடைக்கு வந்தாள்.

"தம்பி, அத மட்டும் போடாத."

"செத்தவரு நிக்கிறாருக்கா. தப்பு தானே அது?"

"தப்புதான், யாரு இல்லன்னா? ஆட்டத் திருத்துன மாதிரி அவரயும் திருத்திட்டா, நான் எந்தக் கூட்டத்துல போய்த் தேடறது?"

ராத்திரி பிரசாந்த் அந்த ஷாட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். அப்படி ஒரு தப்பு அவனுக்கு ஆயுசுக்கும் இனி கிடைக்காது. ஆனாலும் மறுநாள் வெறும் கைக்கடிகாரத் தப்பு ஒன்றைத்தான் போட்டான். பார்த்தவர்கள், மலையைக் கெல்லி எலியைப் பிடித்தாயா என்று கேலி செய்தார்கள். அவர்களில் அவலூர்பேட்டைக்காரன் ஒருவன், "முன்னாடி செத்துக் கெடக்கறவரே பின்னாடி போண்டா துன்றாரே, அத இன்னா உட்டுட்ட?" என்று எழுதியிருந்தான். எந்தத் தப்பையும் விட்டு அறியாத பிரசாந்த், "அது அவரு தம்பி" என்று பதில் போட்டான். தோமினிக்கோடு கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் பெண்கள். அன்றுமுதல் வெளியூரார் யார் கேட்டாலும் செஞ்சியில் அப்படித்தான் சொல்கிறார்கள், சாமியார் உட்பட.

வருஷ நினைவுப் பூசைக்குக் கோயில் நிறைந்துவிட்டது. அமலோற்பவம் முன்வரிசையில் உட்காராமல், சிறு தூக்கில் தேங்காய்ச் சட்னி எடுத்துக்கொண்டு நேராகப் பின்னால் போனாள். தோமினிக் தொட்டுக்கொண்டு தின்றார். ஒவ்வொரு முறை கடித்த பிறகும் போண்டா மறுபடி முழுசாகிவிடுவதைப் பக்கத்தில் நின்ற பிரசாந்த் பார்த்தான். பார்த்துவிட்டு, பூசைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.