தனியாள் காப்புறுதி

என் கணவர் ஆரூரனின் படிப்பு முடிந்தது. தொடர்ந்து இந்த நாட்டில் இருக்கப் பட்டதாரி விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றதும் முதலில் வந்து நின்ற வேலை மருத்துவக் காப்புறுதி. மாணவர் விசாவில் இருந்தவரை பல்கலைக்கழகமே எங்கள் இருவருக்கும் ஒன்றை எடுத்துத் தந்திருந்தது. நாங்கள் அதைப் பற்றி யோசித்ததில்லை. இனி அது செல்லாது. நாங்களே தேடி எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் விசா இல்லை. தேடும் வேலையை அவர் என்னிடம் தந்தார். நான் எதையும் மூன்று தரம் வாசிப்பவள். மூன்றாம் தரத்துக்குப் பிறகும் எனக்குச் சந்தேகம் தீர்வதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் தந்தார்.

ஹோம்புஷ் ஃபிளாட்டின் சாப்பாட்டு மேசையில் ஒரு கிழமையாக மடிக்கணினியோடு இருந்தேன். எல்லாத் திட்டங்களிலும் ஆஸ்பத்திரிச் செலவும் அம்புலன்சும் இருந்தன. விசாவுக்கு அது போதும். விலை கூடிய சிலவற்றில் மட்டும் பிரசவமும் சேர்ந்திருந்தது. அதற்கு ஒரு நிபந்தனை: எடுத்துப் பன்னிரண்டு மாதம் கழிந்த பிறகுதான் செல்லும். அதாவது, வயிற்றில் ஒன்றும் இல்லாதபோதே எடுத்து வைக்க வேண்டும்.

அந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன்.

போன வருடம் எனக்கு மூன்றாம் மாதம். டூங்கபியில் ஒரு குடும்பம் தங்கள் பிள்ளையின் தொட்டிலை மலிவாகத் தருகிறோம் என்றது. போய் ஏற்றி வந்தோம். அடுத்த கிழமை கரு கலைந்துவிட்டது. ஊரில், கொக்குவிலில் இருக்கும் ஆரூரனின் அம்மாவுக்கு, மாமிக்கு, சொன்னபோது அழுதார். அழுது முடித்து, பிறக்க முதல் பிள்ளைக்கு ஒரு நூல்கூட வாங்கக்கூடாது என்று உங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லையா என்று கேட்டார். நான் அதை நம்புகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆரூரன் நம்பினார். தொட்டிலை அன்றைக்கே யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு கடையில் குழந்தைச் சாமான்கள் இருக்கும் பக்கம் அவர் திரும்புவதில்லை. வீட்டில் பிள்ளை என்ற பேச்சும் எழுந்ததில்லை. அவருக்கு இனி வேண்டாமா, கேட்கத்தான் பயமா? எனக்கு வேண்டும். அதைச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

நான் போகும் செவ்வாய் மாலைக் கணக்கியல் வகுப்பின் இடைவேளையில், பக்கத்தில் இருக்கும் ஹரிப்பிரியாவிடம், பிரசவத்தையும் சேர்த்தால் இருவருக்கும் விலை ஏறுகிறது என்றேன். அவள் மதுரைக்காரி. தேநீரை ஊதிக்கொண்டே கேட்டாள்:

"ரெண்டு பேருக்கும் எதுக்கு ஒரே பாலிசி? உன் வீட்டுக்காரரா பெத்துக்கப் போறாரு? அவருக்குச் சின்னதா ஒண்ணு, உனக்குப் பெருசா ஒண்ணு. தனித்தனியா எடு."

அது எனக்குத் தோன்றவே இல்லை. ரயிலில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் எனக்கு மட்டும் பெரிசு எதற்கு என்று அவர் கேட்டால் என்ன சொல்வது?

வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பம் போக வேண்டும். வியாழன் மாலை காப்புறுதி நிறுவனத்துக்கு அழைத்தேன். என் ஆங்கிலத்தில் எனக்கு நம்பிக்கை இல்லாததால் ஸ்பீக்கரில் போட்டேன். குசினியில் ஆரூரன் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆகச் சின்னத் திட்டம். அது விரைவாக முடிந்தது. எனக்கு எது என்று அழைப்பை எடுத்த பெண் கேட்டாள். பிரசவம் சேர்ந்ததைச் சொன்னேன். சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

கத்திச் சத்தம் நின்றது.

பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும், தெரியும்தானே என்றாள் அவள். தெரியும் என்றேன். குசினியில் இன்னும் அசைவில்லை. வேண்டாம், எனக்கும் சின்னதே போதும் என்று நான் சொல்லத் தொடங்கும்போது, ஆரூரன் வாசலில் வந்து நின்று, பிள்ளை பிறந்தால் பிள்ளைக்கும் இது செல்லுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

செல்லாது என்றாள் அவள். இது தனியாள் காப்புறுதி, தாய்க்கு மட்டும். கர்ப்பம் தரித்தால், பிறக்க முதல் குடும்பக் காப்புறுதிக்கு மாற வேண்டும்.

அப்படியென்றால் பிரயோசனமில்லை என்று அவர் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஈரக் கையின் விரல் முட்டியால் தொலைபேசியைத் தொட்டு, எங்கள் பேச்சு அவளுக்குக் கேட்காதபடி சத்தத்தை நிறுத்தினார்.

"அப்ப இதில பிள்ளைக்கு எண்டு ஒண்டும் இல்லையோ?"

"இல்லை. எனக்கு மட்டும்தான்."

"பிள்ளைக்கு நாங்கள் ஒண்டும் வாங்கேல்லை."

"ஓம். ஒண்டும் வாங்கேல்லை."



"பிள்ளை வேணுமோ எண்டு நீர் ஏன் இவ்வளவு நாளும் என்னட்டக் கேக்கேல்லை?"

"நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா உமக்கு நோகும் எண்டு நினைச்சனான்."

"மாமி கேட்டா என்ன சொல்லுவீங்கள்?"

"மருமகளுக்குக் காய்ச்சல் வந்தாப் பாக்கிறதுக்கு எண்டு சொல்லுவன். பொய் இல்லைத்தானே."

இருக்கிறீர்களா என்று அந்தப் பெண் இரண்டாம் முறை கேட்டாள். சத்தத்தைத் திரும்பப் போட்டு, இருக்கிறோம் என்றேன். எந்தத் திகதியிலிருந்து தொடங்குவது என்று கேட்டாள். பழைய காப்புறுதி முடிய இன்னும் நாள் இருக்கிறது. அது முடியும் நாளைச் சொல்வதுதான் முறை. நான் அதைச் சொல்ல முதல் ஆரூரன், பன்னிரண்டு மாதமும் தொடங்கும் திகதியிலிருந்துதான் எண்ணப்படுமா என்று கேட்டார். ஓம் என்றாள்.

"அப்படியென்றால் இன்றைக்கே," என்றார்.

பழையதற்கும் புதியதற்கும் சேர்த்துக் கட்ட வேண்டி வருமே என்று அவள் நல்ல மனதோடு நினைவூட்டினாள். பரவாயில்லை என்றார். அவள் என் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டாள். எம், ஏ, ஒய் என்று மயூராவைச் சொல்லத் தொடங்கினேன். ஆரூரன் குசினிக்குத் திரும்பவில்லை. பக்கத்துக் கதிரையை இழுத்து, கை கழுவாமலே, அழைப்பு முடியும்வரை என்னோடு இருந்தார்.