ஆறாவது இடத்தின் கடைசி வரி

‘இலையுதிர் கால இறுதியில் மலையூரில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்.’ ஞாயிறு மலரில் வந்த அந்தக் கட்டுரையைக் கத்தரித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்திருந்தாள் மனைவி. எழுதியவர் பெயர் ‘மலைவாசி’. அந்த மலைவாசி பஸ்ஸில் அவள் பக்கத்தில், ஒவ்வொரு வளைவுக்கும் கண்ணை மூடிக்கொண்டு, முன் சீட்டின் கம்பியை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவர் ஞாயிறு மலரின் துணையாசிரியர். இந்த ஊருக்கு வருவது இதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்கு முன்னால் நண்பர்களோடு வந்து எல்லாம் சுற்றிப் பார்த்ததாக அவளிடம் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் அவள் கேட்காமலே டிக்கெட் எடுத்துவிட்டாள்.

கட்டுரை பத்தொன்பது வருடத்துப் பழைய மலர் ஒன்றிலிருந்து எடுத்தது. தலைப்பில் ‘இலையுதிர் கால இறுதி’ என்று சேர்த்தது மட்டும் அவர் வேலை. பக்கம் அச்சுக்குப் போகும் நேரத்தில் விளம்பரம் ஒன்று வந்து பத்து வரிகளை வெளியே தள்ளியது. இடம் போதாவிட்டால் அடியிலிருந்து வெட்டு என்பது செய்தி மேசையின் விதி. முக்கியமானது எப்போதும் மேலேதான் இருக்கும். பத்து இடங்கள்; ஒவ்வொன்றிலும் கடைசி வரியை வெட்டினார். ஆபீஸில் அவருக்குக் ‘கத்தரி’ என்று பெயர். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது.

முதல் நாள் ஏரிக்குப் போனார்கள். படகுத்துறையில் சங்கிலி தொங்கியது.

“மழை ஆரம்பிச்சதும் போட்டை எல்லாம் கரையில ஏத்திடுவோமே சார். யாரும் சொல்லலியா?” என்றான் காவலாளி.

அருங்காட்சியகத்தில் பூட்டு. சாவி தபாலாபீஸில் இருக்கும், அங்கே வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும் என்றார் எதிரே இருந்த தையல் கடைக்காரர்.

“என்ன மலைவாசி, ஊரே உங்களுக்குக் கதவைச் சாத்துது?” என்றாள் மனைவி.

“அப்ப திறந்திருந்துச்சு.”

அவள் சிரித்தாள். அவர் உறைக்குள் இருந்த கட்டுரையை வாங்கிப் படித்தார். படகு ஓடாத மாதம், சாவி இருக்கும் இடம், இரண்டும் அதில் இல்லை. பழைய கட்டுரைக்காரர் எச்சரிக்கைகளை எல்லாம் கடைசியில் வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. மற்ற எட்டு வரிகளும் என்ன என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. வெட்டியதை ஞாபகம் வைத்துக்கொள்ளும் வழக்கம் அந்த மேசையில் யாருக்கும் கிடையாது.

ஐந்து இடங்கள் முடிந்து, மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஆறாவது இடம், கண்ணாடிப் பாறை. மூன்றாவது வளைவில் டீக்கடையை ஒட்டி இடப்பக்கம் இறங்க வேண்டும். கடையில் யாரும் இல்லை. பாதை தொடங்கும் இடத்தில் மரத்துக்கு மரம் ஒரு கயிறு. அதில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. மனைவி குனிவதற்கு வசதியாக அவரே கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்.

“நீங்க டீ குடிச்சிட்டு மெதுவா வாங்க. வழி தெரிஞ்சவர்தானே,” என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள்.

தண்ணீர்க் குடத்தோடு கடைக்காரம்மா பின்பக்கத்திலிருந்து வந்தாள். அடுப்பைத் தூண்டிவிட்டு, பெஞ்சில் அவர் உறையோடு வைத்திருந்த கட்டுரையைப் பார்த்தாள். அவள் கை நின்றுவிட்டது.

“நீங்களும் இந்தப் பேப்பரைப் பாத்துட்டுத்தான் வந்தீங்களா?”

“ஏன்?”

“மூணு வாரம் முன்னாடி ரெண்டு பேரு இதையே கையில வெச்சுக்கிட்டு எறங்கினாங்க. மழைக்கு அப்புறம் அந்தப் பக்கம் மண்ணு நிக்காது. அவங்களைக் கூப்பிட எங்க வீட்டுக்காரர் ஓடினாரு. அவங்க ஏறி வந்துட்டாங்க. இவரு வரல.” குடத்தை இறக்கி வைத்தாள். “உயிரு இருக்கு. முதுகெலும்புதான் போச்சு. அதான் கயிறு கட்டியிருக்கேன்.”

அவர் பெஞ்சிலிருந்து எழுந்தார்.

“துண்டு போட்டிருந்த கயிறா?” என்றார்.

பதிலுக்குக் காத்திராமல் கயிற்றைத் தாண்டி ஓடினார். ஈர இலைகள் செருப்புக்கடியில் வழுக்கின. இரண்டு தடவை விழுந்து எழுந்தார்.

திருப்பத்துக்கு அந்தப் பக்கம் அவள் நின்றிருந்தாள். அவள் காலுக்கு முன்னால் ஓரடிதான் பாதை. அதற்கப்பால் கைப்பிடிக் கம்பி, அடியில் மண் இல்லாமல், அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

“‘கம்பியைப் பிடித்தபடி இருபதடி நடந்தால்’னு எழுதியிருக்கீங்க,” என்றாள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. “நீங்க வந்தப்ப இங்க மண்ணு இருந்துச்சா?”

“நான் வந்ததே இல்ல.”

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு கம்பியைப் பார்த்தாள். மணிக்கட்டை மெதுவாக விடுவித்துக்கொண்டு, தானாகவே ஏறத் தொடங்கினாள்.

மேலே கடைக்காரம்மா கயிற்றருகில் நின்றிருந்தாள். மனைவி முழுசாக வருவதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இதை எழுதினவன் எங்கயோ நல்லா சாப்பிட்டுட்டுத் தூங்குவான்,” என்றாள், கட்டுரையை நீட்டி. “இந்தாங்க, கொண்டு போங்க.”

மனைவி வாங்கவில்லை. கணவரைப் பார்த்தபடி நின்றாள்.

“நான்தாம்மா அது. பழைய மலர்ல இருந்து எடுத்துப் போட்டேன்,” என்றார் அவர். “போகக் கூடாதுன்னு கடைசியில ஒரு வரி இருந்திருக்கும். இடம் பத்தலைன்னு வெட்டினதும் நான்தான்.”

கடைக்காரம்மா கத்தவில்லை.

“ஒரு வரிக்கா இடமில்ல?” என்றாள்.

அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. நாலு மணிக்குத்தான் பாக்க விடுவாங்க. அவர்கிட்ட வந்து சொல்லுங்க, என்கிட்ட சொன்ன மாதிரியே.”

மனைவி கட்டுரையை வாங்கி, உறையிலிருந்து எடுத்தாள். மீதி நான்கு இடங்களின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டு, வார்டு நம்பர் என்ன என்று கேட்டாள்.