முன்னுக்குப் போன பாட்டு

நெடுங்கேணிச் சந்தைத் திடலில் கச்சேரி தொடங்கி இரண்டாவது பாட்டு முடியவில்லை, அதற்குள் சனம் கத்தத் தொடங்கிவிட்டது.

"மண்ணெண்ணெய்ப் பாட்டு! மண்ணெண்ணெய்ப் பாட்டைப் போடுங்கோ!"

வின்சனுக்கு அப்படி ஒரு பாட்டுத் தெரியாது. மண்டலினை மடியில் வைத்தபடி, ஆர்மோனியத்துக்குப் பின்னால் இருந்த மரியநேசனைப் பார்த்தான். மரியநேசன் இவன் பக்கம் திரும்பவில்லை. மைக்கை இழுத்து, "மாதாவைக் கும்பிடுற வேதக்காரர் எண்டாலும் எங்களுக்கும் பிள்ளையார்தான் முன்னுக்கு. அவரைக் கும்பிட்டிட்டு வருவம்" என்றான். சனம் சிரித்து அடங்கியது. கடைசிவரை அந்தப் பாட்டு வரவில்லை.

"என்ன பாட்டு மச்சான் அது?" சாமான் ஏற்றும்போது வின்சன் கேட்டான்.

"சும்மா சிரிக்கிறதுக்கு ஒரு பகிடிப் பாட்டு. றொமேஸின்ர வேலை."

ட்ரம்மைத் தூக்கிக்கொண்டு வந்த றொமேஸ், "ஓம் ஓம், என்ர தலையில போடுங்கோ" என்றான். பாடுகிற றஞ்சனி தன் செருப்பில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தாள். சேறு போன பிறகும் தட்டினாள்.

நாலு பேரும் அளம்பில் பக்கத்து ஆட்கள். 1994இல் வன்னிக்குள் பெற்றோல் இல்லை, மோட்டச்சைக்கிள் மண்ணெண்ணெயில்தான் ஓடும். மின்சாரமும் இல்லை. குண்டு போடுகிற பொம்பருக்குப் பயந்து இருட்டினால் வெளிச்சம் போட ஏலாது. அதனால் கச்சேரி எல்லாம் பின்னேர வெயிலில்தான். றொமேஸ் லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசினும் ஓட்டினான், ட்ரம்மும் அடித்தான். மெசினுக்குப் பின்னால் கொளுவிய பெட்டிக்குள் வாத்தியங்களோடு ஆட்களும் குந்திப் போவார்கள். நடக்கிறவன் கதை கேட்டுக்கொண்டு கூடவே வரலாம், அவ்வளவு வேகம்.

ஆனால் பாட்டு அவர்களுக்கு முன்னால் போய்விடும். அது மரியநேசனின் கெட்டித்தனம். கச்சேரிக்கு முந்திப் புதுப் பாட்டைக் கசற்றில் பதிந்து, பஸ்காரரிடமும் லொறிக்காரரிடமும் கொடுத்து, போகப்போகிற ஊர்த் தேத்தண்ணிக் கடைகளுக்கு அனுப்புவான். "தெரியாத பாட்டுக்கு ஒருத்தரும் கை தட்டாயினம்" என்பான். புதுக் கசற் வன்னிக்குள் வராது. பழையதுக்கு மேலேயே பதிய வேண்டும்.

அப்படித்தான் நிறஞ்சனாவின் குரல் போனது. நிறஞ்சனா மரியநேசனின் தங்கை, வின்சனின் பெண்சாதி, அந்தக் குழுவின் முதல் பாட்டுக்காரி. போன வருசம் மலேரியா தலைக்கு ஏறி, மருந்தில்லாமல் போய்ச் சேர்ந்தாள். செத்தவீடு முடிந்து பார்த்தால் அவள் பாடிய கசற் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே வேறு பாட்டு.

"என்ர பிள்ளையின்ர குரல் ஒண்டும் இல்லையோ தம்பி?" என்று அவளுடைய தாய் மதலேனா கேட்டா.

"ஒண்டு இருக்கு மாமி" என்றான் வின்சன்.

இருந்தது ஒரு மெட்டு. நிறஞ்சனா குசினியில் அடுப்பு ஊதும்போது தானாக முனகிக் கட்டியது. சொல் இல்லை. மிக மெதுவான மெட்டு. ஊதுகிற இடைவெளியில் மூச்சு வாங்கி வாங்கிப் பாடியதால் அப்படி வந்தது. காய்ச்சலில் படுத்தபோது வின்சன் அதை மண்டலினில் வாசிக்க, அவள் கண்ணை மூடிக்கொண்டு பிழை சொல்லுவாள். அவள் செத்த ஆண்டுப் பூசையன்று மாமிக்கு முன்னால் அதை வாசிப்பதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தான். ஆர்மோனியமும் சேர்ந்தால் நல்லது என்று மரியநேசனுக்குக் காட்டிக் கொடுத்தான்.

"மாமி கேக்கிறதுக்கு முதல் ஒருத்தரும் கேக்கக்கூடாது மச்சான்."

"மாதா அறிய, என்ர வாய்க்குள்ளயிருந்து வராது."

இந்தப் பயணம் நெடுங்கேணியில் தொடங்கி, மாங்குளம், கிளிநொச்சி போய், பரந்தன் றோட்டால் திரும்பி, ஆண்டுப் பூசைக்கு முதல் நாள் அளம்பிலில் முடிகிறது. அந்தக் கடைசி ஊருக்காகத்தான் வின்சன் வண்டியில் ஏறினான். மற்ற ஊர்கள் அவனுக்கு வழியில் இருந்தன, அவ்வளவுதான்.

மாங்குளத்தில் மேடை றயில்வே ஸ்டேசனின் பிளாட்பாரம். றயில் வராமல் வருசக்கணக்கு. தண்டவாளத்தைக் கழற்றி, பதுங்குகிற பங்கர் கட்டக் கொண்டுபோய்விட்டார்கள். தண்டவாளம் இருந்த இடத்தில் சனம் பாய் விரித்து இடம்பிடித்துக்கொண்டிருந்தது. வின்சன் தேத்தண்ணி குடிக்கச் சந்திக்குப் போனான்.

கடைக்காரர் பரமலிங்கம் ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்துக் கையால் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தார். டைனமோவிலிருந்து வயர் போய், மேசையில் இருந்த கசற் றேடியோவில் பாட்டு ஓடியது. றஞ்சனியின் குரல். துள்ளல் தாளம்.

*மண்ணெண்ணெய் குடிச்ச மோட்டச்சைக்கிள் – அது*
*மாமியைப் போல இருமுது பார்*

"நீங்கள்தானே தம்பி அந்தக் குழு?" என்றார் பரமலிங்கம். "உங்கட பாட்டால எனக்குத் தோள்மூட்டுக் கழண்டு போச்சு. ஒரு கிழமையாச் சுத்துறன். வாறவன் எல்லாம் இதைத்தான் கேக்கிறான். தேத்தண்ணிக்குச் சீனி இல்லாட்டிலும் பறவாயில்லையாம், பாட்டு வேணுமாம்."

வின்சன் சிரித்தான். நல்ல பகிடிதான். றொமேஸ் கெட்டிக்காரன் என்று நினைத்தான்.

பரமலிங்கத்துக்குக் கை களைத்தது. பெடல் மெல்ல மெல்ல ஓய, றேடியோவில் றஞ்சனியின் குரலும் இழுபட்டுத் தடித்தது. துள்ளல் போனது. சொல்லும் கரைந்து போனது. மெட்டு மட்டும், அடுப்பு ஊதுகிற இடைவெளியில் வருவதுபோல, மூச்சு வாங்கி வாங்கி வந்தது.

வின்சன் கோப்பையைக் கீழே வைத்தான்.

பரமலிங்கம் கை மாற்றிப் பிடித்து மறுபடி வேகமாகச் சுற்றினார். மோட்டச்சைக்கிள் திரும்பவும் இருமியது.

பிளாட்பாரத்தில் மூன்று பேரும் பற்றரியிலிருந்து மைக்குக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். வின்சனின் முகத்தைப் பார்த்ததும் றொமேஸ் வயரைக் கீழே போட்டுவிட்டு லாண்ட்மாஸ்டர் பக்கம் நழுவினான்.

"எப்ப பதிஞ்சனீங்கள்?"

மரியநேசன் மைக்கைத் தட்டிப் பார்த்தான்.

"நான் இல்லாமல் எப்ப பதிஞ்சனீங்கள்?"

"மாசப் பூசைக்கு நீங்கள் போன நாளில, அண்ணா" என்றாள் றஞ்சனி. நிறஞ்சனாவோடு ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்து படித்தவள் அவள். "வேண்டாம் எண்டு சொன்னனான்."

"சொல்லிப்போட்டுப் பாடினனி."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எடேய் மச்சான்" என்றான் மரியநேசன், "அழுகிற மெட்டுக்கு இப்ப ஆர் எங்களைக் கூப்பிடுவினம்? ஒவ்வொரு வீட்டிலயும் ஒரு செத்தவீடு. சனம் சிரிக்கக் கேக்குது. எனக்குத் தலைக்குள்ள வேற ஒரு மெட்டும் வரேல்லை. அது மட்டும்தான் சுத்திச் சுத்தி வந்தது. அவள் எனக்கும் தங்கச்சிதானே?"

"தங்கச்சி எண்டால் ஏன் ஒளிச்சுச் செய்தனி?"

மரியநேசன் மைக் வயரைச் சுருட்டி, திரும்பக் குலைத்தான்.

"மாமிட்டை அனுப்பினனியே?"

"இல்லை. அம்மாவுக்கு அனுப்பேல்லை."

"உண்மையாய்?"

"மாதா அறிய. அளம்பில் பக்கம் ஒரு கசற்றும் போகேல்லை. அங்கை அதைப் பாடவும் மாட்டம். நீ வாசி, நான் உன்னோட ஆர்மோனியம் பிடிக்கிறன். நீ சொன்ன மாதிரியே."

வின்சன் நம்பினான். நம்பாமல் வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. அன்று சனம் கேட்டபோது அவர்கள் அந்தப் பாட்டைப் பாடினார்கள். தண்டவாளம் இருந்த பள்ளத்தில் சனம் எழும்பி நின்று ஆடியது. வின்சன் மண்டலினைத் தொடவில்லை. அது ஒருவருக்கும் குறையாகத் தெரியவுமில்லை. கிளிநொச்சியிலும் அப்படித்தான். திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவன் மேடையில் இருந்தபடி ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தான்: மாமி இன்னும் கேட்கவில்லை. ஒரு ஆளின் காதாவது மிச்சம் இருக்கிறது.

பரந்தன் றோட்டில் றொமேஸ் ஒருமுறை வண்டியை நிறுத்தி, "வின்சண்ணை, பழம் தின்னுறீங்களோ?" என்று பாலைப்பழத்தை நீட்டினான். வின்சன் வேண்டாம் என்றான். றொமேஸ் தானும் தின்னாமல் அதைப் பெட்டி மூலையில் வைத்தான்.

அளம்பிலில் இறங்கியதும் வின்சன் கை கால்கூடக் கழுவவில்லை. மண்டலினோடு நேரே மாமி வீட்டுக்குப் போனான். மதலேனா முற்றத்தில் இருந்து கருவாடு புரட்டிக்கொண்டிருந்தா. அவனைக் கண்டதும் இருமிக்கொண்டே எழும்பினா.

"வாரும் மருமகன், வாரும். உம்மோட எனக்கு ஒரு வழக்கு இருக்கு."

"என்ன மாமி?"

"நான் இருமுறதை ஊரெல்லாம் பாட்டாக்கிப் போட்டீராம்?" வெற்றிலை வாய் முழுக்கச் சிரிப்பு. "போன கிழமை மரியநேசன் கசற் குடுத்துவிட்டவன். நீர்தான் மெட்டுக் கட்டினது எண்டும் சொல்லிவிட்டவன். பக்கத்து வீட்டு இராசமலர் சைக்கிளைச் சுத்த, நான் கேட்டுக் கேட்டு வயிறு நொந்து போனன். பிள்ளை போனதுக்குப் பிறகு இண்டைக்கு வரைக்கும் இப்பிடிச் சிரிக்கேல்லை, தம்பி."

வின்சன் திரும்பிப் பார்த்தான். வேலிப் படலையடியில் மரியநேசன் நின்றான். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. சொல்லிப்போடாதே என்று அவன் கண் கெஞ்சியது.

வின்சன் மணலில் இருந்தான். மண்டலினை எடுத்து, நிறஞ்சனா பாடிய மாதிரியே, ஊதுகிற மூச்சுக்கு இடம் விட்டு விட்டு வாசித்தான். மாமிக்கு விளங்கும். தாய்க்கு விளங்காமல் இருக்குமா?

மதலேனா தலையைச் சரித்துக் கேட்டா. கேட்டுவிட்டு அவனுடைய முழங்காலில் தட்டினா.

"என்ன தம்பி, டைனமோ களைச்சுப் போச்சோ?"

தன் பகிடிக்குத் தானே சிரித்தா. சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பானது. கண்ணைச் சீலைத் தலைப்பால் துடைத்தபடி, அவனுக்கு உதவி செய்கிறமாதிரி, கை தட்டி வேகமாக எடுத்துக் கொடுத்தா: "மண்ணெண்ணெய் குடிச்ச மோட்டச்சைக்கிள்..."

வின்சன் விரல்களைப் பார்த்தான். அவை வேகம் பிடித்தன. பாட்டு முடியும்வரை வாசித்தான்.

"இருங்கோ பிள்ளையள், தேத்தண்ணி வைக்கிறன்" என்று மதலேனா எழும்பிப் போனா.

மரியநேசன் உள்ளே வந்து பக்கத்தில் குந்தினான். "பெரிய உதவி மச்சான்" என்றான், குரலைத் தாழ்த்தி. "நாளைக்குப் பூசையில நான் ஆர்மோனியம்..."

"நாளைக்கு நான் வாசிக்கேல்லை."

"ஏன்ரா?"

"வாசிக்க ஒண்டும் இல்லை."

மரியநேசன் அவன் தோளில் கை வைத்தான். வின்சன் அந்தக் கையை எடுத்து, கருவாட்டுப் பாயின் ஓரத்தில் ஒரு சாமானைப்போல வைத்தான்.

குசினிக்குள் மதலேனா அடுப்பை ஊதுவது கேட்டது. ஊதுகிற இடைவெளியில் அவா பாடினா, சொல்லோடு, வேகமாக.