மூன்றாம் நாள் தண்ணீர்

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வெள்ளக் கண்காணிப்பு அலுவலகத்துக் குமாஸ்தா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார். ஒன்பதுக்குத் தொலைபேசி அடிக்கும். ஆறு மலையை விட்டு இறங்கும் இடத்தில் அளவுக்கம்பம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள் தண்ணீர் எத்தனை அடி என்று சொல்ல, இவர் எழுதிக்கொள்வார். அங்கே போன தண்ணீர் மூன்றாம் நாள் காலை தலைநகரத்துப் பாலத்தைத் தொடும். பதினோரு வருஷமாக இதுதான் பிழைப்பு. இருவரும் முகம் பார்த்ததில்லை.

அளவு சொல்லி முடித்ததும் அந்தக் கம்பத்துக்காரர் தவறாமல், "சாப்டீங்களா சார்?" என்பார். "ஆச்சுங்க" என்பார் இவர். சுத்தப் பொய். மனைவி போனபின் காலையில் வீட்டில் அடுப்பே எரிவதில்லை. விமானம் ஏறிப் போன மகன் எப்போதாவது அழைத்தால், வீட்டை விற்பதைப் பற்றித்தான் பேசுவான். நாள் முழுக்க இவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிற ஒரே ஜீவன் மலையடிவாரத்துக் குரல்தான்.

அன்றும் அளவைச் சொன்னார் கம்பத்துக்காரர். "மேல நல்ல மழை சார். செம்மண்ணு கரைஞ்சு செக்கச்செவேல்னு போகுது, மூணாம் நாள் பாருங்க." கொஞ்சம் நிறுத்தினார். "நாளைலேருந்து மிஷினே அளவு அனுப்பிடுமாம். இந்த போனையும் இப்ப கழட்டப் போறாங்க. நானும் மூட்டையக் கட்டிட்டேன்."

எந்த ஊர், சொந்த நம்பர் என்ன என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் இந்த வயதில் ஒருவரிடம் சிநேகம் கேட்டு நிற்பதா என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சாப்டீங்களா சார்?"

பதில் சொல்லாமலே ரிசீவரை வைத்துவிட்டார்.

வைத்த பிறகுதான் பார்த்தார், பதிவேட்டில் அளவை எழுதவே இல்லை. பதினோரு வருஷத்தில் முதல் காலிக் கட்டம். பதறவேண்டிய மனிதருக்கு உள்ளுக்குள் சந்தோஷம், திரும்ப அழைக்க ஒரு சாக்குக் கிடைத்ததே! அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பத்து மணிக்கு அதுவும் நின்றுபோயிற்று.

"விடுங்க சார், நாளைக்கு மிஷின்ல இன்னிக்கு அளவும் வந்துடும், பாத்துப் போட்டுக்குங்க," என்றாள் பக்கத்து மேஜைப் பெண். அவர் போடவில்லை.

மூன்றாம் நாள் காலை பாலத்தின் ஓரமாக நின்றார். முதுகுக்குப் பின்னால் பஸ்கள் உரசிக்கொண்டு போயின. ஆறு வழக்கமான கலங்கல் பச்சையில் இருந்தது. முதலில் கரையோரம் ஒரு கீற்று வந்தது, அப்புறம் தூண்களைச் சுற்றிக்கொண்டு செக்கச்செவேலென்று ஆறு முழுக்க வந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது. சொன்னால் சொன்னபடி செய்கிற மனுஷன்.

கைப்பிடிச் சுவர்மேல் குனிந்து, "இன்னும் இல்லீங்க," என்றார்.

சிவப்புத் தண்ணீர் பாலத்துக்கு அடியில் நுழைந்து, கடலைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது.